கைக்குப் போகாத சேதி

1
இந்தக் கதையை என்னிடம் கேட்டு வாங்கியவள் அனுசுயா. முத்துப்பேட்டைப் பள்ளியில் என்னோடு படித்தவள். இப்போது பெங்களூரில் நரம்பணு ஆராய்ச்சி செய்கிறாள். லீவில் வந்தவள், "எங்கப்பா நோயை அவருக்குப் புரியிற மாதிரி எழுதித் தாடா" என்றாள்.

இப்படித் தொடங்கினேன்: "படகோட்டி நீலமேகத்தின் வலது கை செத்துப்போனது. மனைவி சுந்தரி கண்ணீரும்..."

வாசித்துக் காட்டியதும் அனுசுயாவின் அப்பா நீலமேகம் சிரித்தார். பேச்சு சற்றே குழறியது.

"கை சாவல தம்பி. கிள்ளுனா வலிக்குது. மேலேருந்து சேதிதான் வரமாட்டேங்குது. இவ எங்க அழுவுறா? என்னை ஏசிக்கிட்டுல்ல இருக்கா!"

2
சேதி ஏன் வரவில்லை? அனுசுயா சொன்னது இது. மரபணுவிலிருந்து நரம்பணு எடுக்கும் நகல்தான் ஆர்.என்.ஏ. அதில் வேண்டாத துண்டுகளை வெட்டி, மீதியை ஒட்டினால்தான் புரதம் சரியாக வரும். அந்த வேலையைக் கண்காணிக்கும் ஒரு புரதம், இந்த நோயில் நரம்பணுவின் உட்கருவான தன் இடத்தை விட்டு வெளியே போய்த் திரண்டுவிடுகிறது. வேண்டாத துண்டுகள் நகலிலேயே தங்கிவிடுகின்றன. தேவையான புரதம் கிடைக்காமல், கையை இயக்கும் நரம்பு மெல்ல ஓய்கிறது. (பெரும்பாலோருக்கு இப்படி, எல்லோருக்கும் அல்ல.)

"மருந்து?" என்றார் நீலமேகம்.

"அந்தத் துண்டைத் தடுக்கிற மருந்தைச் சோதிச்சிக்கிட்டிருக்காங்கப்பா. எப்ப வரும்னு சொல்லத் தெரியல."

அவர் இடது கையால் வலது சட்டைக் கையை மேலே தள்ளினார். பிறகு, "சரி, ஆராய்ச்சிக்கு என் ரத்தத்த எடுத்துக்க. வேற யாருக்காச்சும் ஆவும்" என்றார்.

3
நீலமேகம் படகை விற்றுவிடுவதாகக் கதையில் எழுதி வைத்திருந்தேன். பக்கத்துப் படகுக்காரர் துரைக்கண்ணு உண்மையிலேயே விலை கேட்டு வந்தார்.

"விக்கிறதா இல்லண்ணே. நான் ஓட்டுறேன்" என்றார் சுந்தரி. நீலமேகத்துக்கே அது புதுச் செய்தி. இருபது வருடம் மீன் விற்ற சுந்தரி, இன்ஜினைத் தொட்டதே இல்லை.

மறுநாள் காலை சுந்தரி பின்னால் இன்ஜினைப் பிடிக்க, நீலமேகம் முன்னால் உட்கார்ந்தார். அலையாத்திக் காட்டு வாய்க்காலில் படகு இரண்டு முறை சேற்றில் செருகிக்கொண்டது.

"இடது பக்கம் திருப்பு!"

"எனக்குத் தெரியும். நீங்க பேசாம உக்காருங்க!"

மூன்றாம் முறை படகு சொன்னபடி திரும்பியபோது, சுந்தரி கணவரிடம் காட்டிக்கொள்ளாமல் சிரித்துக்கொண்டார்.

4
இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மருந்து வருகிறது. மற்றதில் நீலமேகம்...

[முடிக்கவில்லை.]

இரண்டும் வேண்டாம் என்றார் நீலமேகம். "சனிக்கிழம முகத்துவாரம் தாண்டிக் கடலுக்கே போறோம். வந்து பாத்துட்டு எழுதுங்க."

இன்று வியாழன். நீங்களும் வருவதானால் இடம் இருக்கிறதாம். சுந்தரி சொல்லச் சொன்னார்.

"ஆனா முன்னாடி உக்காரக் கூடாது. அது அவங்க இடம்."