பதிலுக்கு ஓர் ஆள்

அயர்லாந்தில் காலை பத்து மணிக்குப் பேராசிரியை பாடத்தை ஆரம்பித்தபோது, கோவில்பட்டியில் பிற்பகல் இரண்டரை; ராதாமணி இரண்டாம் ஆண்டு பி.காம் பிள்ளைகளை ஆங்கிலத்தில் லீவ் லெட்டர் எழுதச் சொல்லியிருந்தாள். லெட்டரில் அறுபத்திரண்டு பேரும் ஒரே காய்ச்சலில் விழுந்திருந்தார்கள். அவள் வலது காதில், கூந்தலுக்குள் மறைத்த இயர்போன். அயர்லாந்தில் அவளுக்கு மொழி கற்பித்தலில் முதுகலைக்கு இடம் கிடைத்திருந்தது. முதல் மூன்று வாரம் ஆன்லைனில் படிக்கலாமென்று பெரிய மனது பண்ணியிருந்தார்கள். அதற்குப் பிறகு அசல் சான்றிதழ்களோடு நேரில் போய் நிற்காவிட்டால் இடம் ரத்து. இன்னும் பன்னிரண்டு நாள்தான். விசா கைக்கு வந்துவிட்டது, அசல்தான் இல்லை.

அசல் தொலைந்துவிடவில்லை. ஐம்பதடி தூரத்தில், தாளாளர் நவநீதகிருஷ்ணனின் பீரோவுக்குள் சௌக்கியமாக இருந்தது. வேலையில் சேரும் அன்றைக்கே பத்தாவது மார்க் ஷீட்டிலிருந்து எம்.ஏ. பட்டம் வரை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அந்தக் கல்லூரியின் வழக்கம். நடுவில் யாரும் கம்பி நீட்டிவிடக் கூடாதாம். வேலை கிடைத்த சந்தோஷத்தில் ராதாமணியும் நான்கு வருடத்துக்கு முன் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது அவளுக்கே ஆத்திரம் வந்தது.

கேட்காமலும் இல்லை. ஆறு தடவை போய் நின்றாயிற்று. கல்லூரியோடு தீப்பெட்டித் தொழிற்சாலையும் நடத்துகிற மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் எரிச்சல்.

"நீ வெளிநாடு போறது எனக்கும் பெருமைதாம்மா. நான் என்ன வேண்டாம்னா சொல்லுதேன்? செமஸ்டர் நடுவுல பிள்ளைகள யாரு பாப்பா? உன் இடத்துக்கு ஒரு ஆளக் கொண்டா. அன்னைக்கே வாங்கிட்டுப் போ."

ஆள் கிடைப்பது லேசா? கேட்டவர்களெல்லாம் பீரோ கதை தெரிந்தவர்கள். கடைசியில் தெரியாத ஒருத்தி அகப்பட்டாள். எப்போதும்வென்றான் ஊர்க்காரி பத்திரகாளி. ராதாமணியிடம் இளங்கலை படித்தவள், எம்.ஏ. முடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. வேலை என்றதும் போனிலேயே அழுதுவிட்டாள்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டாள். செருப்பில் அப்பியிருந்த கரிசல் மண்ணைப் படியில் தேய்த்துவிட்டு, தாளாளர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். மடியில் ஃபைல். ஒவ்வொரு சான்றிதழும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் இருந்தது.

"மிஸ், ஆபீஸ்ல ஒரிஜினல் எல்லாத்தையும் கொண்டாரச் சொன்னாவ. பாத்துட்டுத் தந்துருவாவல்லா? அடுத்த வருசம் பிஎச்.டிக்குப் போடணும்."

ராதாமணி அந்த ஃபைலைப் பார்த்தாள். இங்கே கொடுக்காதே, எழுந்து வீட்டுக்குப் போ என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. சொன்னால் இவளுக்கு வேலை இல்லை, தனக்கு அயர்லாந்து இல்லை. படிக்கப் போகிறேன் என்றதற்கு ஆள்பிடிக்கிற வேலை பார்க்க வைத்துவிட்டாரே என்று அந்த மனிதர்மேல் கோபம் பொங்கியது. அந்த வேலையைப் பார்த்துவிட்ட தன்மேல் அதைவிட.

"உள்ள கேட்டுக்கிடலாம்" என்றாள்.

உள்ளே நவநீதகிருஷ்ணன் பீரோவைத் திறந்து, ராதாமணியின் பழுப்பு உறையை எடுத்து அவளிடம் கொடுத்தார். "நல்லாப் படிச்சு வாம்மா" என்று வாழ்த்தினார். பிறகு பத்திரகாளியின் பக்கம் கையை நீட்டினார். அவள் ஃபைலைக் கொடுத்தாள். அதன் ஒரு முனை அவர் கைக்குப் போன பிறகும் மறுமுனையை விடாமல் பிடித்தபடி, பத்திரகாளி திரும்பி ராதாமணியைப் பார்த்தாள்.