மூன்றாவது டிக்கெட்

தெருவில் எல்லோரும் அவளை ரொட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சந்தை முனை பேக்கரியில் அடுப்புப் பொறுப்பு அவளுடையது. சும்மா உட்கார்ந்து பழக்கமே இல்லாதவள், இப்போது ஒரு பயணத்துக்காக மாடி அறையில் அடைந்து கிடந்தாள்.

கடல் தாண்டி இருந்த தம்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து போயிருந்தன. இவளுடையது பொருந்தும் என்று டாக்டர்கள் சொன்ன கையோடு தொற்று வந்து விமானங்களை நிறுத்திவிட்டது. முதல் டிக்கெட் அப்படிப் போனது. இரண்டாவது டிக்கெட்டுக்குப் பெட்டியைக் கட்டி வாசலுக்குக் கொண்டுவந்த பிறகு அந்த நாட்டின் எல்லையை மூடினார்கள். மூன்றாவது இது. கிளம்பும் முன் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வர வேண்டும். இருக்கிறது என்று வந்தால் இதுவும் போச்சு. தம்பி இன்னும் ரொம்ப நாள் தாங்கமாட்டான் என்பதை அவன் மனைவி போனில் சொல்லாமல் சொல்லியிருந்தாள்.

கீழே அவள் கணவர் இருந்தார். மருத்துவமனை ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவர். அந்த நேரத்தில் விட முடியாத வேலை. சாப்பாட்டுத் தட்டை மாடிப்படி நடுவில் வைத்து, "வச்சிட்டேன்" என்று குரல் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவார். கீழே கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகே இவள் போய் எடுப்பாள்.

அறையில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியில் இருப்பதையெல்லாம் கட்டிலில் பரப்புவாள், திரும்ப அடுக்குவாள். கம்பளிச் சட்டை அடியில் போகட்டுமா, மேலே இருக்கட்டுமா என்பதிலேயே ஒரு காலைப்பொழுது ஓடிவிட்டது. தொண்டை கரகரப்பது போல இருக்கும். தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும். சோப்பை எடுத்து முகர்வாள். வாசனை வந்ததும் மனசு ஆறும். நாலடி நடப்பதற்குள் நிஜமாகவே வந்ததா என்று சந்தேகம் தட்டும், திரும்பிப் போய் முகர்வாள். ஒருமுறை தும்மிவிட்டு, திருடியவள் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தாள்.

பரிசோதனை நாள் நெருங்கியபோது ஒரு மதியம் படியில் வேறு குரல் கேட்டது. "வச்சிருக்கேன் அண்ணி." அடுத்த தெருவில் இருக்கும் நாத்தனார். கணவருக்குப் போன் போட்டாள். ஆள் பற்றாக்குறை, இரட்டை டிரிப் அடிக்கிறேன், மருத்துவமனையிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றார். குரல் அடைத்திருந்தது. மாஸ்க் போட்டுக்கொண்டு பேசுவதால் அப்படி இருக்கிறது என்றார். நாத்தனாரைக் கேட்டால், எனக்கென்ன தெரியும் அண்ணி என்று நழுவினாள்.

மறுநாள் காலை துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனாள். வீட்டுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த மரக்கிடங்கின் சுவரை ஒட்டி அவருடைய வேன் நின்றிருந்தது. கண்ணாடிக்கு உள்பக்கம் துண்டு கட்டி வெயிலை மறைத்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு அவர் இறங்கினார். வேனில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து இருமினார். இருமல் மொட்டைமாடி வரைக்கும் கேட்டது.

அவள் போன் செய்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"டியூட்டியில."

"நிமிந்து பாருங்க."

அவர் நிமிர்ந்தார். பிறகு அவராகவே எல்லாவற்றையும் சொன்னார். காய்ச்சல் வந்தது, தொற்று உறுதியானது, மூச்சுத்திணறல் இருப்பவர்களுக்கே படுக்கை கிடைக்காததால் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருந்தால் ஒரே படிக்கட்டு, ஒரே காற்று. தங்கை வீட்டில் கைக்குழந்தை. வேன்தான் தோதுப்பட்டது.

"நான் டிக்கெட்ட கேன்சல் பண்றேன்" என்றாள்.

"பண்ணு. அப்புறம் உன் தம்பி முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

"முழிக்கிறதுக்கு மொதல்ல நீங்க இருக்கணும்ல."

ஈரத்துணி வாளியிலேயே கிடக்க, அவள் கீழே வந்து தம்பியை அழைத்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவன், மாமாவைப் பார்த்துக்கொள், எனக்கு டயாலிசிஸ் மெஷின் இருக்கிறது, அவர் தேறியதும் வா என்றான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கியது.

"ஆளாளுக்கு விட்டுக்குடுத்தா நான் எங்கதான்டா போறது?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். தம்பி இருந்த ஊர் மருத்துவமனை நர்ஸுக்குப் போன் போட்டு, தன்னால் அவனுக்குத் தொற்றிவிடுமா என்று கேட்டாள். இங்கே வந்ததும் எப்படியும் தனி அறையில் வைத்து மறுபடி சோதித்த பிறகே தம்பியிடம் விடுவோம், பயப்படாதீர்கள் என்றாள் அவள். தம்பி பக்கத்துக் கவலை அதோடு தீர்ந்தது. மிச்சம் இருந்தது வேனுக்குள் படுத்திருந்த மனிதர்தான். சட்டென்று பேக்கரி முதலாளியம்மாவைக் கூப்பிட்டு, கடைக்கு மேலே இருக்கும் மாவு அறையின் சாவியைக் கேட்டாள். ஊரடங்கில் கடை மூடித்தான் இருந்தது. முதலாளியம்மா எதற்கென்று கூடக் கேட்காமல் சாவியைப் பையில் போட்டுக் கேட்டில் மாட்டிவிட்டுப் போனார்.

ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டாள். மாடிக் கட்டிலுக்கு வேறு விரிப்பு மாற்றினாள். தண்ணீர், மாத்திரை, விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவி எல்லாவற்றையும் கைக்கெட்டும்படி வைத்தாள். பெட்டியை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து அவரை அழைத்தாள்.

"வீடு காலி. உள்ள போய்ப் படுங்க."

"நீ மாவு மூட்டைக்கு நடுவுல படுப்பியா?"

"பன்னெண்டு வருஷமா அங்க நிக்கிறேன், படுக்கத் தெரியாதா? அளவு பாத்துப் பாத்து போட்டோ அனுப்புங்க. எறங்குச்சுன்னா ஏர்போர்ட்ல இருந்தாலும் திரும்பி வந்துடுவேன். பொய் மட்டும் சொல்லாதீங்க."

பேக்கரி மாடியிலும் அவளால் உட்கார முடியவில்லை. தேய்த்து வைத்திருந்த தட்டுகளையே எடுத்து மறுபடி தேய்த்தாள். பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. சந்தோஷப்பட நேரமில்லை, அதே மாலை அவருடைய அளவு இரண்டு புள்ளி இறங்கியிருந்தது. போனில் கேட்டபோது டாக்டர், குப்புறப் படுக்கச் சொல்லுங்கள், இன்னும் இறங்கினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்றார். நாத்தனார் மாடி வராந்தாவில், ஜன்னலுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் அதட்டினாள்.

விமான நிலையத்தில் அவள் வரிசையில் நின்றாள். முறை வரும்போதெல்லாம் பின்னால் இருப்பவரை முன்னே போகச் சொன்னாள். வரிசை காலியானது. கவுன்ட்டரை மூடப் போகிறோம் என்றாள் அங்கிருந்த பெண்.

"ஒரு நிமிஷம்மா. வீட்டுலேருந்து ஒரு போட்டோ வரணும்."

என்ன போட்டோ என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. ஆனாலும் கணினியில் ஏதோ தட்டுவது போலக் காத்திருந்தாள். போட்டோ வந்தது. கொஞ்சம் மங்கலாக, ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் நகத்தோடு. இறங்கிய இரண்டு புள்ளியும் ஏறியிருந்தது. அவள் பாஸ்போர்ட்டை நீட்டினாள்.

அங்கே போய் இறங்கியதும் தனிமைப்படுத்த அவளைத் தங்கவைத்த ஓட்டல் அறையில் ஜன்னல் திறக்காது. மூன்றாம் நாள் கணவர் தெளிவான குரலில் பேசினார். காய்ச்சல் விட்டுவிட்டது, பசிக்கிறது என்றார். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் அவளுக்குக் கோபமே வந்தது. வேனுக்குள் மூச்சு நின்றிருந்தால் யாருக்குத் தெரியும் என்று ஆரம்பித்தவள், கல்யாணமான புதிதில் அவர் மறைத்த ஸ்கூட்டர் விபத்து வரைக்கும் போய்த் திட்டித் தீர்த்தாள். அவர் "ம்" கொட்டிக்கொண்டே இருந்தார். போனை வைத்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போனாள்.

மறுசோதனையிலும் தொற்று இல்லை என்று வந்த பிறகு, தம்பியை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சக்கர நாற்காலியில் பார்த்தாள். பாதி ஆளாக இருந்தான். அவன்தான் முதலில் கேட்டான்.

"மாமா எப்படிக்கா இருக்காரு?"

"சண்ட போடலாம், அந்த அளவுக்குத் தேறிட்டாரு" என்றாள். நாற்காலியின் பின்பக்கம் போய், தள்ளிக்கொண்டு வந்த நர்ஸை விலகச் சொல்லிவிட்டு, பிடியைத் தானே வாங்கிக்கொண்டாள்.