ஸ்கொயர் லெக்கில் நின்றவன்

பந்துவீச்சாளர் கையை மடக்கி எறிந்தால் அம்பயர் முகதாட்சண்யம் பார்க்கக் கூடாது என்று இந்தத் தீவில் இன்று சொல்லிக்கொடுக்கிற எல்லோரும் ரூபர்ட் ஸ்கீட்டின் பெயரை ஒரு தடவையாவது சொல்லிவிடுகிறார்கள். சொந்தத் தங்கையின் புருஷனுக்கு, சொந்த ஊர் மைதானத்தில், பன்னிரண்டாயிரம் பேர் முன்னால் நோ-பால் சொன்னவர் அவர். அன்று அவரோடு நின்ற இன்னொரு அம்பயர் நான். பெயர் கத்பர்ட் ஹேர்வுட். என்னைப் பற்றி யாரும் கெட்டதாக எதுவும் சொன்னதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்கீட் தையல்காரர். தலைநகர் பிரிட்ஜ்டவுனில் மீன் சந்தைக்குப் பின்னால் கடை. நான் தபால் ஆபீஸில் குமாஸ்தா. இருவரும் ஒரே வருஷம் அம்பயர் பரீட்சை எழுதித் தேறினோம். பதினோரு வருஷம் சனிக்கிழமை தவறாமல் ஒன்றாக நின்றோம். தாய் தகப்பன் போனபிறகு தங்கை ஐஸ்மேயை வளர்த்தது அவர்தான். அவள் கல்யாண கவுனையும் அவரே தைத்தார். அந்த ஒரு மாதம் கடையில் வேறு யார் துணியையும் தொடவில்லை.

ஐஸ்மே கட்டிக்கொண்டது டார்ன்லி கேலண்டரை. வடக்குக் கரையில் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவன். ஆறடி மூன்றங்குலம். அவன் ஓடிவரும்போது பூமி அதிர்வது பந்துவீசும் முனையில் நிற்கிற என் பாதத்தில் தெரியும். அவனைப் போல வேகமாக வீசியவனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நல்லவன். விக்கெட் எடுத்தால்கூடத் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடப்பான்.

ஒரு கிளப் ஆட்டத்தில் அவன் போட்ட பந்து ஒன்று எகிறி லைல் இன்னிஸ் என்கிற பையனின் முகத்தில் பட்டது. கரும்பு வெட்டுகிறவன், இருபத்திரண்டு வயது. வலது கண் போய்விட்டது. அன்று நானும் ஸ்கீட்டும் வீட்டுக்கு நடந்தோம். பாலத்தைத் தாண்டிய பிறகு கேட்டார்.

"அந்தப் பந்தை நீ பாத்தியா?"

"நான் அவன் கால் கோட்டைத் தாண்டுதான்னு பாத்துட்டு இருந்தேன்."

"நான் பக்கவாட்டுல நின்னேன் ஹேர்வுட். நல்லாத் தெரிஞ்சுது. ரொம்ப வேகமாப் போடணும்னு நெனைக்கிறப்ப மட்டும் அவன் கை மடங்குது. அது வீசுறது இல்ல, எறியுறது. நான் வாயைத் திறக்கல. தங்கச்சி புருஷனாச்சேன்னு நின்னுட்டேன்."

"விடு. அடிபட்டது அடிபட்டதுதான்."

"நீ விட்டுருவ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

டார்ன்லியைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அவன் சிரித்தானாம். "மச்சான், துணி அளந்து அளந்து உங்களுக்கு எல்லாமே கோணலாத் தெரியுது" என்றானாம். ஆனாலும் ஆறு வாரம் வேகத்தைக் குறைத்துத்தான் வீசினான். விக்கெட் விழவில்லை. ரம் கடைகளில் கேலண்டருக்குக் கல்யாண மயக்கம் என்று கேலி செய்தார்கள்.

அப்போதுதான் பக்கத்துத் தீவான ட்ரினிடாட்டின் அணி வந்தது.

கடைசி நாளான சனிக்கிழமை மத்தியானம் டார்ன்லி என் முனையிலிருந்து வீச வந்தான். ஸ்கீட் எதிர்முனையில், பேட்ஸ்மேனுக்குப் பக்கவாட்டில் ஸ்கொயர் லெக்கில் நின்றார். மைதானத்தைச் சுற்றி மரங்களில் எல்லாம் ஆள். முதல் ஓவரில் ஒன்றுமில்லை. இரண்டாவது ஓவரின் நாலாவது பந்தில் பேட்ஸ்மேனின் தொப்பி பறந்தது. அதோடு ஸ்கீட்டின் குரலும் கேட்டது.

"நோ-பால்."

கூட்டம் என்னைப் பார்த்தது. நான் சொல்லவில்லை என்று கையை விரித்தேன். அடுத்த பந்துக்கும் அதே குரல். அதற்கடுத்த பந்துக்கும். மைதானம் முழுக்க ஒரே இரைச்சல்.

"ஏய் தையக்காரா, ட்ரினிடாட்காரன் உனக்கு எத்தனை கெஜம் துணி குடுத்தான்?"

"தங்கச்சி சோறு போடலையா ஸ்கீட்? அந்தக் கோவமா?"

"ஊசில நூல் கோக்கவே கண்ணு தெரியாது. அவரு கை மடங்குறதைப் பாத்தாராம்."

ஸ்கீட் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். டார்ன்லி ஆடுகளத்தின் நடுவே நின்று அவரையே பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. எல்லார் முன்னாலும் அடிவாங்கிய பிள்ளையின் முகம் அது.

எங்கள் கேப்டன் தோட்ட முதலாளி வீட்டுப் பிள்ளை, விவரமானவர். ஒரு ஓவர் விட்டு டார்ன்லியை மறுமுனைக்கு மாற்றினார். இப்போது ஸ்கீட் அவன் பக்கத்தில், பந்துவீசும் முனையில். அவர் கண் அவன் காலைத்தான் பார்க்க வேண்டும். ஸ்கொயர் லெக்கில் நான். கையைப் பார்க்க வேண்டியவன் நான்.

முதல் இரண்டு பந்தும் சுத்தம். மூன்றாவது பந்துக்கு அவன் இன்னும் தூரத்திலிருந்து ஓடிவந்தான். பார்த்தேன். சந்தேகத்துக்கே இடமில்லை. முழங்கை மடங்கி விரிந்தது, கல்லெறிகிறவனுக்கு விரிவதுபோல. ஸ்டம்ப் பறந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

கூட்டம் அரை நிமிஷம் எனக்காகக் காத்திருந்தது. பிறகு கத்திய கத்தலில் மரத்திலிருந்து ஒருவன் விழுந்தே விட்டான். "ஹேர்வுட், நீதாண்டா மனுஷன்" என்று ஒரு பெண் குரல் தனியாகக் கேட்டது. டார்ன்லி அந்த முனையிலிருந்து ஏழு விக்கெட் எடுத்தான். அவற்றில் நாலு எறிந்தவை. ஒவ்வொன்றுக்கும் நான் வாய் மூடி நின்றேன். எல்லோரும் என்ன முடிவு செய்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு அம்பயருக்குத் தெரியாத தப்பு இன்னொருவருக்குத் தெரிகிறது என்றால், தெரிந்தவர் மனசில்தான் ஏதோ கோளாறு.

சாயங்காலம் போலீஸ்காரர்கள் ஸ்கீட்டை நடுவில் வைத்துக் கடைக்குக் கூட்டிப்போனார்கள். அவருக்கு முன்னால் கல் போய்ச் சேர்ந்திருந்தது. கடைக் கண்ணாடி நொறுங்கி, தைத்து மாட்டியிருந்த கோட்டுகள் எல்லாம் சேற்றில் கிடந்தன. ஐஸ்மே வாசலில் நின்றாள். நானும் அவர் பின்னால் இருந்தேன்.

"அண்ணே, ஹேர்வுட் அண்ணன் கண்ணுக்குத் தெரியாதது உன் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

ஸ்கீட் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. "எனக்குத் தெரிஞ்சதை நான் சொன்னேம்மா" என்றார்.

"அவர் அழுதுட்டு வந்து படுத்திருக்காரு. இத்தனை நாள்ல அவர் அழுது நான் பாத்ததில்ல. இனிமே நீ என் வீட்டுப் பக்கம் வராத."

திங்கட்கிழமை டார்ன்லி தபால் ஆபீஸுக்கு வந்தான். கையில் ஒரு கடிதம். இங்கிலாந்தில் லங்காஷயரிலிருந்து, ஹேசல்டன் என்ற நூல் ஆலை ஊரின் கிளப் எழுதியிருந்தது. சம்பளத்துக்கு ஒரு வருஷம் வந்து ஆடச் சொல்லி. அவன் குனிந்து ஜன்னல் வழியாக மெதுவாகப் பேசினான்.

"அண்ணே, கைதட்டுனவங்களை விடுங்க. பக்கத்துல நின்னு பாத்தது நீங்க ஒருத்தர்தான். மச்சான் பொய் சொல்ற ஆள் இல்ல. அதுதான் எனக்குத் தூக்கம் வரல. அவர் சொன்னது நெசம்னா இதுக்கு இப்ப வரலேன்னு எழுதிருவேன். ஒரு வருஷம் இங்கயே இருந்து கையைச் சரிபண்ணிக்கிறேன். இன்னும் வயசு இருக்கு. நீங்க சொல்லுங்க. மடங்குச்சா?"

அவனுக்குப் பின்னால் வரிசையில் ஆறேழு பேர். எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு. ஆமாம் என்றால் நான் சனிக்கிழமை பார்த்துக்கொண்டே சும்மா நின்றேன் என்றாகிவிடும்.

"சுத்தமா இருந்துச்சு" என்றேன். "உங்க மச்சானுக்கு வயசாகுது டார்ன்லி."

அவன் ஜன்னலுக்குள் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டான். ஏப்ரலில் கப்பல் ஏறினான். ஊரே துறைமுகத்துக்குப் போனது, ஸ்கீட் தவிர.

ஹேசல்டனில் அவன் ஆடியது மூன்றே ஆட்டம். மூன்றாவதில் இரண்டு முனையிலும் நின்ற இரண்டு அம்பயர்களும் நோ-பால் சொன்னார்கள். ஒரே ஓவரில் ஒன்பது தடவை. கடைசியில் அந்த ஓவரை முடிப்பதற்காகக் கீழ்க்கையால் உருட்டிவிட்டிருக்கிறான், குழந்தைக்குப் போடுகிறமாதிரி. கூட்டம் சிரித்தது என்று பேப்பரில் எழுதியிருந்தார்கள். கிளப் மறுவாரமே வேண்டாம் என்று அனுப்பிவிட்டது.

ஸ்கீட்தான் இங்கிலாந்துக்கு எழுதிப் போட்டுக்கொடுத்துவிட்டார் என்று இங்கே பேச்சு கிளம்பியது. தபால் ஆபீஸில் இருப்பவன் நான். அப்படி ஒரு கடிதம் அவர் போடவில்லை என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். என்னிடம் வந்து கேட்டவர்களிடம், "நமக்கு என்ன தெரியும்" என்றேன்.

டார்ன்லி திரும்பி வரவில்லை. எந்த முகத்தோடு வருவான். அந்த ஊர் நூல் ஆலையிலேயே பஞ்சு மூட்டை தூக்கும் வேலையில் சேர்ந்தான். எனக்கு ஒரு கடிதம் எழுதினான். இரண்டு வரிதான். "இங்க ரெண்டு பேர் பாத்தாங்க அண்ணே. நீங்க ஏன் பாக்கல?" அதற்கு நான் பதில் எழுதவில்லை. ஐஸ்மே அடுத்த வருஷம் அவனிடம் போய்ச் சேர்ந்தாள். அண்ணனிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் ஏறிய கப்பல் கண்ணுக்கு மறைகிறவரை அவர் சாராயக் கிடங்குச் சுவரோரம் ஒதுங்கி நின்றதாக ஒரு படகுக்காரன் சொன்னான்.

ஸ்கீட்டை அதன்பிறகு எந்த ஆட்டத்துக்கும் கூப்பிடவில்லை. கடைக்கு வருகிறவர்களும் குறைந்து, கிழிந்த பள்ளிக்கூட உடுப்புகளைத் தைத்துக்கொடுத்துக் காலத்தை ஓட்டினார். நான் இன்னும் பதினான்கு வருஷம் அம்பயராக நின்றேன். இதற்கிடையே வேறு தீவுகளிலும் இங்கிலாந்திலும் எறிகிறவர்களைப் பற்றிப் பெரிய சச்சரவு வந்தது. கையைக் கவனிக்கச் சொல்லி அம்பயர்களுக்குப் புதிதாகப் பாடம் நடத்தினார்கள். அப்போது யாரோ பழைய பேப்பர்களைப் புரட்டி ஸ்கீட்டின் பெயரைக் கண்டெடுத்தார்கள். அவரைப் பேட்டி காண ஒருவர் வந்தார். ஸ்கீட் பேச மறுத்துவிட்டார்.

அவருக்கு ஈரலில் நோய் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து தட்டில் இருந்த, எங்கள் ஊர்ப் பறக்கும் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். சாப்பிடுகிற மாதிரி தெரியவில்லை.

"ஸ்கீட், நானும் பாத்தேன்" என்றேன். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அவ்வளவுதான் வந்தது.

"தெரியும்."

"எப்படி?"

"மூணாவது பந்துல ஸ்டம்ப் பறந்தப்ப உன்னைத்தான் பாத்தேன். நோ-பால் காட்ட உன் கை பக்கவாட்டுல பாதி வரைக்கும் வந்துச்சு. அப்புறம் தொப்பியைச் சரிபண்ணிக்கிட்ட."

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே நான் சொல்லிக்கொண்டதில்லை.

"அன்னைக்கே நீ ஐஸ்மேகிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லி? இந்த ஊர் உன் வீட்டு ஜன்னல் கண்ணாடியையும் உடைச்சிருக்கும். உனக்கு மூணு பிள்ளைங்க." மீனைத் தள்ளி வைத்தார். "நீயாச் சொல்லுவன்னு நெனைச்சேன். ஒரு வாரம் நெனைச்சேன். ஒரு வருஷம் நெனைச்சேன். அப்புறம் விட்டுட்டேன்."

மன்னிப்பு என்ற வார்த்தையை நான் எடுக்குமுன் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் வேணாம். அவளுக்கு எழுது. நான் லெட்டர் போட்டுக் கெடுக்கலேன்னு எழுது. அது போதும்."

மறுநாள் நாலு பக்கம் எழுதினேன். என் பொய்யை, டார்ன்லியிடம் நான் ஜன்னலில் சொன்னதை, எதையும் விடவில்லை. ஐந்து வாரத்தில் பதில் வந்தது, ஸ்கீட்டின் பெயருக்கு. அவருக்குப் பார்வை மங்கியிருந்ததால் நான்தான் படித்துக் காட்டினேன். அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவள் நன்றாகத் தைக்கிறாள் என்று எழுதியிருந்தாள். குளிரில் டார்ன்லிக்குத் தோள் வலிக்கிறது, கிரிக்கெட் நடக்கிற தெரு வழியாகக்கூட அவர் போவதில்லை, சுற்றித்தான் போவார் என்று எழுதியிருந்தாள். கடைசியில், "வரணும்னு இருக்கு அண்ணே, அவரை விட்டுட்டு வர முடியல."

"மூத்தவ தைக்கிறாளாமா? இன்னொரு தடவை படி" என்றார். மூன்று தடவை படித்தேன்.

ஆகஸ்டில் அவர் இறந்தார். சவ ஊர்வலத்தில் பதினொரு பேர் இருந்தோம். எனக்கு ஐஸ்மே ஒருபோதும் எழுதவில்லை.

போன வருஷம் பழைய அம்பயர்களுக்கு மரியாதை செய்கிற விழாவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேடையில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் பார்த்தேன், பயந்தேன், வாய் மூடி நின்றேன், ஒருவனுக்குப் பொய் சொல்லி அவனைக் கடல் தாண்டி அனுப்பினேன் என்று சொன்னேன். கூட்டத்தில் கொஞ்சம் சலசலப்பு. பிறகு தலைவர் எழுந்து என் தோளில் கை போட்டு, இறந்துபோன நண்பனுக்காகத் தன் பெயரையே விட்டுக்கொடுக்கிற பெருந்தன்மையைப் பாருங்கள் என்றார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.