அவள் இறங்காத ரயில்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதல்ல என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்து மால் ஒன்றின் சினிமா தியேட்டரில், முன்பின் தெரியாத ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்து இதை எடுத்தேன். எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்க, ஆனா பேர மாத்திடுங்க" என்றார். மாற்றிவிட்டேன். கமலநாதன் என்று வைத்துக்கொள்வோம்.

படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய சங்கீதப் படம். துடைத்துப் புதுசாக்கி மறுபடி திரையிட்டார்கள். எல்லோரும் பார்த்துவிட்ட படம், நான் மட்டும் பார்த்ததில்லை. இலக்கியக் கூட்டங்களில் அதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் தலையாட்டியே ஒப்பேற்றியிருக்கிறேன். இத்தனை வருடம் தலையாட்டிவிட்டு, யாரிடம் போய் "வாங்க, சேர்ந்து பார்க்கலாம்" என்று கூப்பிடுவது? (உண்மையைச் சொன்னால், தலையாட்டியிருக்காவிட்டாலும் கூப்பிட ஆள் இல்லை.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தியேட்டரின் இருட்டு அவருக்குத் தன் வாழ்க்கையைப் போலவே—"

வேண்டாம். அவர் வாழ்க்கை இருட்டு என்று எனக்கு யார் சொன்னது?

இரண்டாவது தொடக்கம்: "கமலநாதன், அறுபத்தாறு வயது, கிள்ளான், ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர்." இது பரவாயில்லை. மனைவி சீதாலெட்சுமி இறந்து இரண்டு வருடம். மகள் மலர்விழி இருப்பது செமினி ஊரில். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் திரையில் வந்து போவாள். டிக்கெட் மெஷினில் எதை அமுக்குவதென்று தெரியாமல் அவர் நின்றிருந்தார். நான் உதவி செய்ததில், ஒன்பதே பேர் இருந்த தியேட்டரில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை.

3

படத்தின் கதை சின்னது. பாடத் தெரிந்த மனைவி. அவளைப் பாடவிடாத வயலின் வித்வான் கணவன். கடைசியில் அவள் பெட்டியோடு ரயில் ஏறிவிடுகிறாள். அவன் பிளாட்பாரத்தில் நின்று வாசிக்கிறான். ரயில் போய்விடுகிறது. அவ்வளவுதான்.

விளக்கு போட்டார்கள். மற்றவர்கள் கிளம்பினார்கள். கமலநாதன் எழுந்திருக்கவில்லை.

"தங்கச்சி, படத்த வெட்டிட்டாங்களா?"

"இல்லண்ணே, முடிஞ்சிருச்சு."

"எப்படி லா முடியும்? அடுத்த ஸ்டேஷன்ல அவ இறங்கிடுவாளே. தண்டவாளத்து ஓரமாவே நடந்து திரும்பி வருவாளே. அவன் வாசிப்பான், அவ பாடுவா. அதானே கடைசி?"

"முன்னாடி பாத்திருக்கீங்களா?"

"இல்ல. என் பொண்டாட்டி சொன்னது."

போனில் படத்தின் கதைச் சுருக்கத்தைத் தேடிப் பார்த்தேன். எங்கேயும் அவள் இறங்கவில்லை. அவரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்துவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்தார்.

4

கீழே கடையில் ஆளுக்கொரு தே ஓ, பாலில்லாத டீ, சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். அவராகவே பேசினார்.

"அப்ப நான் ஜொகூருக்கு லோரி ஓட்டிக்கிட்டிருந்தேன். வாரத்துல ஒரு நாள்தான் வீடு. அவ படத்த பாத்துட்டு வந்து, பாட்டெல்லாம் பாடிக் காட்டி முழுசா கதைய சொன்னா. அப்புறம் காசெட் வந்துச்சு, டிவில போட்டாங்க. பாப்போமான்னு கேட்டா, அதான் சொல்லிட்டேனேன்னு சேனல மாத்திடுவா."

(இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம். ஒரு பெண் ஒரு பொய்யை இத்தனை வருடம் காவல் காப்பாளா? எதற்காக?)

அவர் கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவ படம் பாத்த அந்த வாரம் பெரிய சண்ட. கை நீட்டிட்டேன், தங்கச்சி. ஒரே தடவதான்."

(ஒரே தடவை என்றுதான் சொன்னார். நான் நம்பினேனா என்பதை எழுதாமல் விடுகிறேன்.)

"நான் லோரிய எடுத்துட்டுப் போயிட்டேன். அவ பெட்டியத் தூக்கிக்கிட்டு பந்திங்ல அவ அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கா. அங்க இருந்துதான் இந்தப் படத்துக்குப் போயிருக்காங்க. நான் திரும்பி வந்தப்ப வீட்ல இருந்தா. சோறு போட்டா. கதைய சொன்னா. போனதப் பத்திப் பேசவே இல்ல. பக்கத்து வீட்டு வீரம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். நானும் கேக்கல."

கிளாஸைத் தள்ளி வைத்தார்.

"அவளாத்தான் வந்தான்னு நெனச்சிட்டிருந்தேன். இப்பத் தெரியல. அவளா வந்தாளா, இல்ல அண்ணன் திருப்பி அனுப்பிட்டாரா?"

5

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அவர் கிள்ளானுக்குப் போகும் ரயிலில் ஏறி, அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கி, தண்டவாளத்து ஓரமாக— அடித்துவிட்டேன். அழகாக இருக்கிறது. அதனாலேயே பொய்.

அலமாரியில் சீதாலெட்சுமியின் பழைய கடிதம் ஒன்று— அவள் எதுவும் எழுதி வைக்கவில்லை. நான் கேட்டேன்.

நடந்தது இதுதான். சீதாலெட்சுமியின் அண்ணன் பக்கிரிசாமி பந்திங்கில் இன்னும் இருக்கிறார். எண்பது வயது. கமலநாதன் போனை எடுத்து அவர் நம்பரைப் பார்த்தபடி, "கேக்கட்டுமா?" என்றார்.

"கேளுங்கண்ணே." சட்டென்று சொல்லிவிட்டேன். அவருக்காகச் சொல்லவில்லை. எனக்கு முடிவு வேண்டியிருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

"மச்சான், நான்தான்... கே.எல்.ல இருக்கேன். படம் பாக்க வந்தேன்... ஆமா, அந்தப் படந்தான்."

அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சில்லை. பிறகு பக்கிரிசாமி என்னவோ கேட்டார்.

"தனியாத்தான் மச்சான்... சாப்ட்டேன். உங்க கால் வலி எப்படி?... சரி, வச்சிடறேன்."

"கேக்கலயாண்ணே?"

"அவரு பொய் சொல்லத் தெரியாத மனுசன், தங்கச்சி. கேட்டா சொல்லிடுவாரு."

6

இப்போது தினமும் காலையில் கமலநாதன் வாட்ஸப்பில் எனக்கு ஒரு பூப்படம் அனுப்புகிறார். நானும் ஒன்று அனுப்புகிறேன். வேறு எதுவும் பேசிக்கொள்வதில்லை. எனக்கு வேறு யாரும் காலையில் எதுவும் அனுப்புவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பந்திங் இங்கிருந்து ஒரு மணி நேரம். நானே போய்க் கேட்டிருக்கலாம். போன சனிக்கிழமை காரில் உட்காரக்கூடச் செய்தேன். பக்கிரிசாமி கதவைத் திறந்து, "அவளாத்தான் திரும்பிப் போறேன்னு சொன்னா" என்று சொல்லிவிட்டால்? அல்லது, "நாங்கதான் வேற வழியில்லாம—"

இன்ஜினை அணைத்துவிட்டு மேலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உங்களுக்குப் பதில் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் நீங்கள் போங்கள். மீதியை நீங்களே எழுதுங்கள். ஆனால் எழுதி முடித்ததும் கிள்ளானுக்குப் போய், கமலநாதனின் முன்னால் உட்கார்ந்து, அதை அவருக்கு வாசித்துக் காட்டுவதும் உங்கள் பொறுப்பு. என்னால் முடியவில்லை.