தலைவர் தயவில் ஒரு ரொட்டிக் கடை

2025 ஏப்ரல் 22, செவ்வாய்க்கிழமை.

இன்று தெரியவந்த பிழை ஒன்று. அம்மாவின் கடைக்கு அனுமதி கேட்டுப் பிரதேச சபைக்கு அனுப்பிய படிவத்தில், முகவரிக் கட்டத்தில் தோட்ட ஆபீசின் முகவரியை எழுதியிருக்கிறேன். பழக்கத்தில் கை எழுதிவிட்டது. சின்னப் பிழை.

இவ்வளவையும் எழுதிவிட்டு சுலக்ஷனா பேனாவை மூடினாள். பிறகு மறுபடி திறந்து, 'சின்ன' என்ற சொல்லை மட்டும் அடித்தாள்.

மலையகத் தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்குத் தெருப்பெயர் கிடையாது. யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். காலைப் பெரட்டில், ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்புகிற நேரத்தில், கணக்கப்பிள்ளை பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்த முகவரி அது ஒன்றுதான். பள்ளிக்கூடத்துக்கும் அடையாள அட்டைக்கும் அதையேதான் எழுதினாள். சபையின் பதிலும் அங்கேதான் வந்தது. நில உரிமையாளரின், அதாவது தோட்டத்தின், சம்மதக் கடிதம் வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்கள். ஆபீசில் அதைப் பிரித்துப் படித்துவிட்டார்கள். இரண்டு வருஷமாகக் கடையைக் கண்டும் காணாமல் இருந்த தோட்ட மேலாளர் துரைக்கு இனிமேல் அப்படி இருக்க வழியில்லை. மாத முடிவுக்குள் தகரத்தைக் கழற்ற வேண்டும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

தகரம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டு வாசலில் நாலு கம்பு, மூன்று தகடு, ஒரு பலகை. முழங்கால் தேய்ந்து கொழுந்தெடுக்கப் போக முடியாமல் ஆனபிறகு, அவள் அம்மா பூரணி அங்கே உட்கார்ந்து ரொட்டி சுட ஆரம்பித்தாள். பெரட்டுக்குப் போகிறவர்கள் ஆளுக்கு இரண்டு ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் வாங்கிக்கொண்டு போவார்கள். கொட்டகலை பஜாரில் போட்டோகாப்பிக் கடையில் சுலக்ஷனா வேலை செய்து வாங்குவது பஸ்ஸுக்கும் மாலை வகுப்புக்குமே சரியாகப் போய்விடும். வீட்டில் அடுப்பெரிவது அந்தப் பலகையால்தான்.

புதன்கிழமை மாலை அரசியல் வகுப்பில் கட்டுரைக்கு ஒரு கேள்வி கொடுத்தார்கள். இந்தியத் தேர்தல்களில் எல்லாக் கட்சியும் எதையாவது தருவதாகச் சொல்லி வாக்குக் கேட்கிறது. மக்களைத் தங்கள் பாட்டில் தொழில் செய்ய விடுகிறோம் என்று சொல்லி ஏன் எவரும் கேட்பதில்லை? சுலக்ஷனா வழக்கம்போல் கொப்பியில் கோடு போட்டு எண் இட்டாள். ஒன்று: மக்கள் ஏழைகள். இரண்டு: ஏழைகளுக்குப் பொருள்தான் வேண்டும். மூன்றாவதுக்கு எதுவும் வரவில்லை. முதல் இரண்டுமே யாரோ சொல்லக் கேட்டவை போலத்தான் இருந்தன.

பக்கத்தில் இருந்த ரினோஸா எட்டிப் பார்த்தாள். பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருப்பது அவளுடைய வாப்பா.

சுலக்ஷனா கேட்டாள்: "உங்க வாப்பா கடை போட யார்கிட்ட கேட்டாரு?"

"யார்கிட்ட கேக்கணும்? சபையில காசு கட்டி ரசீது எடுப்பாரு. ஆணியில குத்தி வைப்பாரு. பல்லி வந்து அதுல முட்டை போடும். அவ்வளவுதான்."

வியாழன் மாலை சின்னராசா வந்தார். தோட்டத்துச் சங்கத் தலைவர். இந்த முறை சபைத் தேர்தலிலும் நிற்கிறார். பலகையில் உட்கார்ந்து, கேட்காமலே ஒரு ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டார்.

"என்னக்கா, உப்பு கூடிப்போச்சே. கவலையில அள்ளிப் போட்டுட்டீங்களா?"

"ஓசியில தின்னா உப்பு தூக்கலாத்தான் தெரியும், தலைவரே."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "தொரைகிட்ட நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். தகரத்துல ஒருத்தன் கை வைக்க மாட்டான்."

"அப்பச் சொல்லுங்களேன்."

"சொல்றேன். ஞாயித்துக்கெழம சாயங்காலம் நமக்குக் கூட்டம் இருக்கு. பாப்பா மேடையேறி ரெண்டு வார்த்தை பேசணும். படிச்ச புள்ள. தலைவர் தயவுலதான் எங்கம்மா கடை நடக்குதுன்னு சொன்னா, லயத்துல நாலு வீடு நம்ம பக்கம் திரும்பும்."

சுலக்ஷனா கேட்டாள்: "மாமா, எலெக்ஷன் முடிஞ்ச பெறகு தொரை மறுபடி கழட்டச் சொன்னா?"

"மறுபடி எங்கிட்ட வாங்க. நான் எங்க போயிறப் போறேன்?"

அதை அவர் அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் அவளைப் பயமுறுத்தியது. பிறப்புச் சான்றிதழில் இருந்த பிழைக்கும் அவர் கடிதம்தான். போன மழையில் கூரை பறந்ததற்கும் அவர் கடிதம்தான். ஒவ்வொரு முறையும் உதவி கிடைத்தது, அது உண்மை. ஆனால் அடுத்த முறையும் போய் நிற்க வேண்டியிருந்தது.

அவர் போனபின் கட்டுரையை எடுத்தாள். மூன்றாவது காரணம் இப்போது வந்தது. கொடுக்கிற பொருளின் மேல் கொடுத்தவர் படத்தை ஒட்டலாம். மிக்சியில் ஒட்டலாம், அரிசிப் பையில் ஒட்டலாம். ஒரு தடையை எடுத்துவிட்டால் அங்கே வெறும் இடம்தான் இருக்கும். வெறும் இடத்தில் எந்தப் படத்தை ஒட்டுவது? எழுதியதைப் படித்துப் பார்த்தாள். சரிதானா என்று தெரியவில்லை. கட்டுரை நன்றாக வருகிறது என்பதற்காக மேடையேற மறுத்து அம்மாவின் பிழைப்பில் கை வைக்கிறோமோ என்றும் இருந்தது.

"ஏறிச் சொல்லிட்டுத்தான் வாயேன்," என்றாள் பூரணி. "வாயா தேஞ்சு போயிறப் போவுது? எனக்கு முழங்கால்தான் தேஞ்சு கெடக்கு."

சனிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் சுலக்ஷனா உட்கார்ந்து மேடைப் பேச்சை எழுதினாள். பூரணி மறுநாளைக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சுலக்ஷனா வாசித்தாள்.

"எங்கள் தலைவர் அவர்களின் தயவால் இரண்டு வருடங்களாக எனது தாயார் ஒரு கடையை நடத்தி வருகிறார். அவர் போட்ட பிச்சையால்..."

"பிச்சைன்னா எழுதியிருக்க?"

"இல்லம்மா, போன கூட்டத்துல ஒருத்தர் அப்புடிப் பேசினாரு. அப்புடித்தான் பேசணும் போலன்னு நெனச்சேன். அடிச்சிர்றேன்."

பூரணியின் கையில் சல்லடை நின்றது. "மூணரைக்கு எந்திரிச்சு நான் மாவு பெசஞ்சது அதுல எங்க வருது?"

சுலக்ஷனா தாளைப் புரட்டிப் பார்த்தாள். எங்கும் வரவில்லை.

பூரணி மாவைச் சலித்து முடித்து, கப்பியைத் தட்டிவிட்டு, சேலை முந்தானையில் கையைத் துடைத்தாள். "ஆபீசுல எதக் கழட்டச் சொன்னாங்க? தகரத்தத்தானே? ரொட்டியக் கழட்டச் சொல்லலையே."

"அதுக்கு?"

"கழட்டிருவோம். வீட்டு அடுப்புல சுட்டு ரோட்டுச் சந்திக்கு எடுத்துட்டுப் போறேன். பஸ்ஸுக்கு நிக்கிறவங்க வாங்குவாங்க."

"உன் காலோட கீழ எறங்கி ஏறணும். அங்கயும் சபைக்காரங்க வந்து கேப்பாங்கம்மா."

"கேக்கட்டும். அங்க காசு கேப்பாங்க, கட்டினா ரசீது குடுப்பாங்க. இங்க மேடையில ஏத்துறாங்க." சொல்லிவிட்டு அவளே களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தாள். "தெரியல புள்ள. பாதிதான் விக்கும். ஆனா கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு."

ஞாயிறு காலையில் இருவருமாகத் தகரத்தைக் கழற்றினார்கள். ஆணி துருவேறி இருந்ததால் நேரம் பிடித்தது. லயத்துச் சனம் இஸ்தோப்புத் திண்ணையில் நின்று பார்த்தது. கடைசித் தகட்டை இறக்கும்போது கூட்டத்துக்குக் கொடி கட்டப் போய்க்கொண்டிருந்த சின்னராசா நின்றுவிட்டார்.

"என்னக்கா இது! தொரைகிட்ட நான் பேசிட்டேனே!"

"பேசினதுக்கு ரொம்ப நன்றிங்க தலைவரே. இனி அவருக்கும் சிரமம் இல்ல, உங்களுக்கும் இல்ல."

"பாப்பா பேச வராதா?"

"இல்ல மாமா," என்றாள் சுலக்ஷனா. "பேச எனக்கு ஒண்ணும் இல்ல."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கம்புகளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பிறகு சிரிக்கப் பார்த்தார்.

"எல்லாரும் இப்புடிக் கழட்டிட்டா அப்புறம் நான் எதுக்கு, மருமகளே?"

அது வேடிக்கையாகச் சொன்னதா என்று அவளுக்குப் புரியவில்லை. அவரும் கொடிக்கட்டைத் தோளில் மாற்றிக்கொண்டு இறங்கிப் போனார். மாலையில் ஒலிபெருக்கிச் சத்தம் லயம்வரை கேட்டது. வேறு யாரோ ஒரு பெண் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். பூரணி வெந்நீரில் துணியை நனைத்து முழங்காலில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். சுலக்ஷனா நாட்குறிப்பைத் திறந்தாள்.

ஏப்ரல் 27, ஞாயிற்றுக்கிழமை. தகரம் மூன்றும் இறக்கியாகிவிட்டது. செய்தது சரியென்று எழுத இன்னும் தைரியம் இல்லை. எவ்வளவு விற்கும் என்றும் தெரியவில்லை.

நாளை: மூன்றரைக்கு எழுந்து அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுக்க வேண்டும். ரொட்டியை மூடி போட்ட வாளியில் வைக்க வேண்டும். ஐந்தரை பஸ்ஸுக்கு முன் சந்தியில் நிற்க வேண்டும். வாளியை நான் தூக்க வேண்டும்.