ரோஸ் கொட்டேஜ்

இருபத்தொன்பது நாளாகக் கடிதம் வரவில்லை. முப்பதாவது நாள் மத்தியானம், ஹம்சினிக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. தான் வேலை பார்க்கும், போனும் இன்டர்நெட்டும் காசுக்கு விடுகிற கொமினிகேஷன் கடையை முதலாளி சின்னராசாவின் தலையில் கட்டிவிட்டு, நோர்வூட் டவுனிலிருந்து தேயிலைத் தோட்ட ஆபிசுக்கு ஓட்டமும் நடையுமாக ஏறினாள்.

அந்தக் கடிதத்தில் இருந்ததெல்லாம் வெறும் ஆறு இலக்கங்கள். ஆனால் அவற்றை இன்றைக்குள் கம்பியூட்டரில் அடித்துக் கொடுக்காவிட்டால் அவளுடைய சொந்தக் கடைக்கு மூடுவிழாதான். கடை என்றால் பூட்டும் சாவியும் உள்ள கடை அல்ல. அவளும் அம்மா ராக்காயியும் பின்னிய குழந்தைத் தொப்பிகளைப் படம் பிடித்து, இன்டர்நெட்டில் போட்டு, கண் காணாத ஊர்க்காரர்களுக்கு விற்கிற கடை. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டில் அந்தத் தோட்டத்தில் இதைச் சொன்னால் கதை விடுகிறாள் என்றுதான் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், ஏழு பேர் கடனட்டையில் பணம் கட்டியிருந்தார்கள். கார்டுப் பணத்தை வாங்கிக் கொடுக்கிற வெளிநாட்டுக் கம்பனி மட்டும் ஒரு முட்டுக்கட்டை போட்டது. சொன்ன விலாசத்தில்தான் இருக்கிறாளா என்று பார்க்கத் தபாலில் ஓர் எண் அனுப்புவார்களாம். முப்பது நாளுக்குள் அதைச் சொல்லாவிட்டால் பணம் அந்த ஏழு பேரின் கார்டுக்கே திரும்பிப் போய்விடும்.

வினை அந்த விலாசத்தில்தான் இருந்தது. படிவத்தை நிரப்பும்போது 'ஒன்பதாம் லயம், நாலாம் வீடு' என்று அடிக்க அவளுக்குக் கை வரவில்லை. கூலிச் சனங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் ஒற்றைக் காம்பராவில், அடுப்புப் புகைக்குள் பின்னிய தொப்பியை எந்தச் சீமாட்டி தன் பிள்ளைக்குப் போடுவாள்? துரைமார் பங்களாவுக்கு மட்டும்தான் பேர் இருக்க வேண்டுமா என்ன? வீட்டுக்கும் கடைக்கும் சேர்த்து 'ரோஸ் கொட்டேஜ்' என்று அடித்துவிட்டாள். தோட்டத்துக்கு வருகிற எந்தக் கடிதமும் முதலில் ஆபிசுக்குத்தானே வரும், பார்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு அசட்டுத் தைரியம். அதற்குப் பிறகு ஆபிசில் போய் அந்தப் பேரைச் சொல்ல வாய் வந்தால்தானே!

பெரிய கிளாக்கர் துரைராசா யாழ்ப்பாணத்துக்காரர். அவளைக் கண்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"நேற்றும் சொன்னனான் எல்லே பிள்ளை, உம்மட பேரில ஒண்டும் வரேல்லை."

"வேற பேர்ல வந்திருக்குங்களாய்யா? ரோஸ் கொட்டேஜ்னு..."

"அதுவோ? அது வந்து ரெண்டு கிழமை. அப்பிடி ஒரு வீடு இந்தத் தோட்டத்தில இல்லை. இண்டைக்குக் காலமைதான் திருப்பி அனுப்பினனான். ஏன், உமக்குத் தெரிஞ்ச ஆக்களோ?"

எனக்குத்தான் என்று ஹம்சினி அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "தெரிஞ்சவங்கதாங்கய்யா" என்று முணுமுணுத்துவிட்டு, குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினாள். நோர்வூட் தபால் கந்தோரில் ஹட்டனுக்குப் போகும் தபால் பை மூன்று மணிக்குக் கட்டப்படும். தேயிலைச் செடி காலைக் கீறியதையோ, ஒரு செருப்பு அறுந்ததையோ அவள் கவனிக்கவில்லை.

தபால் கந்தோர் சுவர்க் கடிகாரம் இரண்டே முக்கால் காட்டியது. வரிசையில் ஏழெட்டுப் பேர். அவர்களை எல்லாம் இடித்துக்கொண்டு, வாங்கிக் கட்டிக்கொண்டு, முன்னால் போய் நின்றாள். கவுண்டரில் இருந்த நாகலெட்சுமி நல்ல மனுஷி. பையைக் கிளறிக் கடிதத்தை எடுத்தும்விட்டார். ஆனால் கையில் கொடுக்கவில்லை.

"தங்கச்சி, இதுல ஒங்க பேரே இல்லியே. யாரு என்னான்னு தெரியாம நான் எப்புடிக் குடுக்குறது? இருங்க, தோட்டத்துக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுருவோம்."

வேண்டாம் என்று சொல்வதற்குள் எண்ணைச் சுழற்றிவிட்டார். "அப்புடிங்களா... அப்ப அங்க அப்புடி வீடே இல்லைங்களா?" என்று நாகலெட்சுமி கேட்பது வரிசை முழுவதற்கும் கேட்டது. கடிதம் மறுபடி பையை நோக்கிப் போனது.

ஹம்சினி எட்டி ரிசீவரைப் பிடுங்கினாள்.

"ஐயா, நாந்தாங்க. அது எங்க வீடுதாங்கய்யா. ஒன்பதாம் லயம் நாலாம் வீடு. லயம்னு எழுத எனக்கு வெக்கமா இருந்துச்சுங்க. அதான் பொய்யா ஒரு பேரு போட்டேன்."

அவளுக்கு அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. மறுமுனையில் கிளாக்கர் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"கவுண்டரில இருக்கிற பிள்ளையிட்டக் குடும் போனை."

அவர் என்ன சொன்னாரோ, நாகலெட்சுமி இரண்டு தடவை தலையை ஆட்டினார். பிறகு ஒரு புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கடிதத்தை நீட்டினார்.

கொமினிகேஷன் கடைக்குத் திரும்பி ஓடி, கம்பியூட்டரில் ஆறு இலக்கங்களையும் அடித்தபோது அவசரத்தில் இரண்டு தரம் பிழையாகிவிட்டது. மூன்றாவது தரம் ஏற்றுக்கொண்டது. பணம் விடுவிக்கப்படும் என்று எழுத்து வந்தது. அதற்குக் கீழேயே ஒரு கேள்வி. விலாசம் சரியா? மாற்றினால் புதிய கடிதம் வரும், மறுபடி முப்பது நாள் காத்திருக்க வேண்டும். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு 'சரி' என்பதை அழுத்தினாள். வேறு என்ன செய்வது? கடை பிழைத்துவிட்டது. ஆனாலும் நெஞ்சுக்குள் எதுவோ இருப்புக் கொள்ளாமல் அலைந்துகொண்டேயிருந்தது.

வீட்டுக்குப் போனபோது ராக்காயி கொழுந்துக் கறை போகாத விரல்களால் எட்டாவது தொப்பியைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"கடுதாசி கெடச்சுருச்சாடி?"

"கெடச்சுருச்சும்மா. பணம் வந்துரும்."

"அப்பாடா! என் வயித்துல பால வார்த்த." அம்மா உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீசு படிக்க வராது. "இதுல என்னா எழுதியிருக்கு? எம் பேரா, ஓம் பேரா?"

இதற்கும் பொய் சொல்ல ஹம்சினியால் முடியவில்லை. "ரோஸ் கொட்டேஜ்னு இருக்கும்மா. நம்ம வீட்டுக்கு நான் வெச்ச பேரு."

ராக்காயியின் ஊசி நின்றது.

"இதத்தானா கிளாக்கரையா போன வாரம் காலையில வேல பிரிக்கிற பெரட்டுல கூப்புட்டாரு? ரெண்டு நாளு கூப்புட்டாருடி. நான் முன் வரிசையிலதான் நின்னேன்." அவள் உறையை மடியில் வைத்துத் தடவினாள். "எந்தப் புண்ணியவதி வீடோன்னு, எல்லாரோடயும் சேந்து நானும் திரும்பித் திரும்பிப் பாத்தேன்."