நீல மீனுக்கு ஒரு பெயர்

பேராசிரியர் முத்துநாயகம் முப்பத்துநாலு வருஷம் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அவரிடம் படித்து மூன்று தடவை அரியர் வைத்த ஆன்ட்ரூஸின் பெயரில் இன்று உலகத்தில் ஒரு நண்டு இருக்கிறது. லத்தீனில் இருக்கிறது. முத்துநாயகத்தின் பெயரில் ஒரு புழுகூட இல்லை. சோற்றில் கைவைக்கும்போதெல்லாம் அந்த நண்டு வந்து அவர் தொண்டையில் நிற்கும்.

ஆகவே, இனயம் என்ற கடற்கரை ஊரிலிருந்து எட்சன் அனுப்பிய ஆறு படங்கள் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்ததும் அவர் தோசையைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டார். எட்சன் கடலுக்குள் பாறையில் சிப்பி எடுக்க முங்குகிறவன். மச்சான் கல்ஃபிலிருந்து கொண்டுவந்த கேமராவைத் தண்ணிக்குள் கொண்டுபோய்க் கண்டதையெல்லாம் எடுத்திருந்தான். கீழே ஒரு வரி: 'சார், இது என்ன மீன்?'

நீலமென்றால் அப்படியொரு நீலம். வால் பிறைபோல இரண்டு பக்கமும் நீண்டிருந்தது. வாய்க்குள் வெற்றிலை போட்ட மாதிரி சிவப்புப் பல். இரண்டு படங்களில் மீனே இல்லை; பாறைப் பொந்துக்கு வெளியே வால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

முத்துநாயகம் ஆயுசில் ஆராய்ந்த மீனெல்லாம் கல்லூரி ஆய்வகத்தில் ஃபார்மலின் குப்பிக்குள் இருந்தவை. வெளுத்துப்போய், வயிற்றில் நூல் கட்டி, பெயரெழுதிய சீட்டோடு இருக்கும். சீட்டில்லாத மீனை அவர் சந்தித்ததே கிடையாது. குப்பி எதிலும் நீலமில்லை. ஆகையால் இது புதிய இனம்.

ஆனாலும் விஞ்ஞானிக்கு நிரூபணம் வேண்டாமா? படத்தைப் பெரிதாகக் கலரில் அச்சடித்துக்கொண்டு குளச்சல் ஏலக்கூடத்துக்கே போனார். அங்கே செசிலியிடம் நீட்டினார். அவர் வீட்டுக்கு இருபது வருஷமாக மீன் கொண்டுவருபவள். தலை வெட்டிய மீனைக்கூட வாலைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவாள்.

செசிலி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். "இது எந்த ஊரு மீனு சாரே? இப்படியொரு நெறத்த நான் சேலையிலதான் கண்டிருக்கேன்."

"நல்லாப் பாரு."

"பாத்தாச்சில்லா. பல்லுக்குச் சாயம் வேற பூசியிருக்கு. வெளிநாட்டுக்காரியாட்டு இருக்கும்."

சுற்றி நின்ற பெண்களும் உதட்டைப் பிதுக்கினார்கள். முத்துநாயகத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. குளச்சல் பெண்களுக்கே தெரியாத மீனென்றால், உலகத்தில் வேறு யாருக்குத் தெரிந்திருக்கும்?

அன்றே மீனுக்குப் பெயர்சூட்ட விழாக்குழு அமைந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அவரே. மயிலாடிச் சிற்பி பொன்னுலிங்கத்திடம் நாலடி உயரத்தில் கல்மீன் ஒன்றுக்குச் சொல்லிவிட்டார்.

பொன்னுலிங்கம் சாமிச்சிலை செய்து பழகியவர். போனில் கேட்டார்: "சாரே, மீனுக்கு வாகனம் வேண்டாமா?"

"மீனுக்கு எதுக்குவே வாகனம்?"

"செரி. முகம் சாந்தமா, உக்கிரமா?"

பேராசிரியர் கொஞ்சம் யோசித்தார். "சாந்தம். லேசாப் புன்னகை இருக்கட்டும்."

பீடத்தில் பெரிய எழுத்தில் 'முத்துநாயகம் மீன்' என்று வெட்டச் சொன்னார். லத்தீன் மெதுவாக வரட்டும், கல் முதலில் வரட்டும் என்பது அவர் கணக்கு.

மீன் படம் போட்ட அழைப்பிதழை நகலெடுக்கப் போன கடையில் கலர் மெஷின் பழுது. கருப்பு வெள்ளையில்தான் கிடைத்தது. முதல் பிரதியை வீட்டு வாசலில் வைத்து செசிலிக்கே கொடுத்தார்.

கை ஈரமாயிருந்ததால் அவள் அதைக் கூடைக்குள் மீன்மேல் சாய்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். துடைத்த கை பாதியில் நின்றது.

"எனக்க மாதாவே! இது நம்ம கிளாத்தியில்லா!"

கிளாத்தி என்பது கருத்துத் தடித்த தோலோடு டன் கணக்கில் கரையேறும் மீன். ஆள் தின்று மிஞ்சியது கோழித்தீவனத்துக்குப் போகும்.

"அண்ணைக்குத் தெரியல்லேண்ணு சொன்னியே!"

"அண்ணைக்கு நீங்க உயிரோட உள்ளதயில்லா காட்டினிய! உயிரோட உள்ள மீன நான் எங்க சாரே கண்டேன்? எங்கிட்ட வாறது எல்லாம் செத்துக் கறுத்த பொறவுதான வருது!"

"செசிலி, இது அறிவியல். நிறம் இருக்கு, வால் இருக்கு..."

அவள் கூடையிலிருந்து ஒரு கிளாத்தியை எடுத்து, கட்டைவிரலால் அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே சிவப்புப் பல். முத்துநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பல் சிவப்பாகவே இருந்தது.

அடுக்களையிலிருந்து அவர் மனைவி தேவகனி சொன்னாள்: "திங்கக்கெழம வறுத்துத் தந்தது அதத்தான். நாலு துண்டு தின்னிய."

அவர் பொன்னுலிங்கத்துக்குப் போன் போட்டார். "பேரை மட்டும் அழிச்சிர முடியுமா?"

"கல்லுல வெட்டினத எப்படி அழிக்க? பீடத்தத்தான் செதுக்கணும். செதுக்கினா மீன் கவுந்துரும். அதுமில்லாம, வண்டி இரணியல் தாண்டியாச்சு சாரே."

வண்டி வந்தது. ஆறுபேர் சேர்ந்து கல்மீனைத் துறைமுக ரோட்டு முக்கில் இறக்கினார்கள். விழா நின்றுபோனதால் அதைத் திருப்பித் தூக்க ஒருவரும் வரவில்லை. புன்னகையோடு அது அங்கேயே நின்றது. போகிற வருகிறவர்கள் மீனைப் பார்த்தார்கள், கிளாத்தி என்று கண்டுகொண்டார்கள், கீழே எழுதியிருந்ததையும் வாசித்தார்கள்.

இரண்டே வாரம். முத்துநாயகம் ஏலக்கூடத்துப் பக்கமாக நடந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது: "முத்துநாயகம் நாலு கூடை! முத்துநாயகம் நாலு கூடை!"

"ஐஸ் போதாது மக்கா, முத்துநாயகத்துக்கு வயிறு பொத்துப்போச்சு!"

எட்சனும் செய்தி அனுப்பியிருந்தான்: 'சார், நேத்து பாறையில உங்களைக் கூட்டமாப் பாத்தேன்.'

அவர் முகம் சிவக்க வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்தார். வெகுநேரம் யோசித்தார். ஆன்ட்ரூஸின் நண்டை உலகத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆன்ட்ரூஸுக்குத் தெரியும். அச்சடித்தவனுக்குத் தெரிந்திருக்கலாம். அந்த நண்டை எவனாவது கூவி விற்றதுண்டா?

"இஞ்ச வாருங்க," என்று தேவகனி கூப்பிட்டாள். "செசிலி ரெண்டு கிலோ முத்துநாயகம் தந்துட்டுப் போயிருக்கா. தோலு உரிக்க ஒரு கை பிடியுங்க."

அவர் எழுந்து போய் அரிவாள்மணைக்கு எதிரே உட்கார்ந்து சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டார்.

"வறுக்கப்போறியா, தேங்கா அரைக்கப்போறியா?" என்று கேட்டார்.